பிரெஞ்சுப் புதினமும் பெயரிழந்த தமிழரும்

ஒரு புதினம் ஓர் ஆற்றின் பெயரையே மாற்றிய வரலாறு சயாம் நாட்டில் உண்டு. பியேர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952ஆம் ஆண்டில் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய தம் புதினத்தை வெளியிட்டார். ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டிய இரயில் பாலம் குவாய் ஆற்றின்மேல் நின்றது என்பது அவருடைய கதை. காஞ்சனபுரியில் உள்ள உண்மையான பாலமோ மே குளோங் ஆற்றின்மேல் நிற்பது. 1957ஆம் ஆண்டில் அப்புதினம் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியபின், பாலத்தைக் காண வந்த வெளிநாட்டார் குவாய் ஆற்றைத் தேடித் திகைத்தனர். தாய்லாந்து அரசு 1960களில் அப்பகுதி ஆற்றுக்குக் குவே யாய் என்று புதுப்பெயர் சூட்டிச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது.

கற்பனையில் நேர்ந்த ஒரு பிழைக்காக ஆறே தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதே இரயில் பாதைக்காக மாண்ட பல்லாயிரம் மலாயாத் தமிழர்க்கோ அவர்தம் சொந்தப் பெயரும் எழுதப்படவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு தமிழ் இலக்கிய மேடைகளுக்கு இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

பூல் மலாயாவை அறியாதவர் அல்லர். பொறியியல் கற்ற அவர் 1936ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து ரப்பர் தோட்ட நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற தமிழரைக் கண்டவர். கங்காணியின் குரலையும் கிராணியின் பேரேட்டையும் அறிந்தவர். தோட்ட வாழ்க்கையை வைத்து 1951ஆம் ஆண்டில் தனியே ஒரு புதினமும் எழுதினார். போர் மூண்டபோது சுதந்திரப் பிரெஞ்சுப் படையினரோடு சேர்ந்து, இந்தோசீனாவில் விசி அரசின் ஆட்களிடம் பிடிபட்டுக் கடுங்காவல் தண்டனையும் அனுபவித்தார். ஆயினும் சயாம் இரயில் பாதையில் அவர் கைதியாக இருந்ததில்லை. அங்கு நடந்ததை அவர் கேட்டறிந்தே எழுதினார். கதையின் நடுவில் அவர் நிறுத்தியது கர்னல் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரியை; அவ்வதிகாரியின் வறட்டுப் பெருமையே கதையின் பொருள். முன்பு தாம் நாள்தோறும் கண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே ஒரு பாத்திரம்கூட இல்லை.

நடந்தது என்ன? தாய்லாந்தின் பான்போங் முதல் பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதையை ஜப்பானியர் 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளரோ கைதிகளைப்போல் மும்மடங்குக்குக் குறையாதவர். அவர்களில் இறந்தோர் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்பது பல ஆய்வாளர் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். முதலில் நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம் என்று ஆசை காட்டினர்; ஆள் சேராதபோது வளைத்துப் பிடித்தனர். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கொட்டகைக் கதவை அடைத்து ஆள்பிடித்த செய்தியும் அக்கால நினைவுகளில் உண்டு. திரைப்படத்தால் பிடிபட்டவர்களைத் திரைப்படமே பிற்காலத்தில் மறந்தது என்பது கசப்பான பொருத்தம்.

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சென்றோர் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் கடந்தே அப்பாதையை அடைய வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்கு வாய்த்தவை மூங்கில் கொட்டகையும் மழையும். போர்க்கைதிகளிடையே படை மருத்துவர் இருந்தனர். கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். கொதிக்கவைத்த நீரையே குடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. தமிழர் முகாம்களில் இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்தபோது கொட்டகை கொட்டகையாக மடிந்தனர். கைதிகளிடம் இன்னொன்றும் இருந்தது: ஒளித்து வைத்த காகிதமும் பென்சிலும். நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், இறந்தவனின் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளே கல்லறைத் தோட்டங்களாயின. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழரோ புதைத்த இடத்தில் காடு முளைத்துப்போனது.

டேவிட் லீன் இயக்கிய படம் 1958ஆம் ஆண்டு விழாவில் ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. படம் எடுக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கலை, களனி ஆற்றங்கரை. அவிசாவளையிலிருந்து அவ்வூர் வழியாகச் செல்லும் சாலை மேலே ஏறி ஹட்டன் தேயிலைத் தோட்டங்களை அடைகிறது. அத்தோட்டங்களில் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக ஆக்கப்பட்டவர்கள். சயாமில் மாண்ட தமிழனின் கதையை விட்டுவிட்டு எடுத்த படத்தை, குடியுரிமை இழந்த தமிழன் வாழும் மலையடிவாரத்தில் எடுத்தனர்.

அப்படத்தின் திரைக்கதைக்கான விருதும் ஒரு கதை. ஆங்கிலத்தில் எழுதாத பூலுக்கே அவ்விருது வழங்கப்பட்டது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் ஹாலிவுட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, இருவரும் இறந்தபின், அவர்களுடைய பெயர்கள் விருதில் சேர்க்கப்பட்டன. மறைக்கப்பட்ட இரண்டு பெயர்களை மீட்கவேண்டும் என்று போராட அங்கே ஆள்கள் இருந்தனர்.

'பூல் கதை எழுதினார், வரலாறு எழுதவில்லை. அவரைக் குறைகூறல் முறையோ?' என்று வினவுவோர் உண்டு. முறையன்று. கதை எழுதுவோன் தன் மனத்தை வாட்டும் பொருளையே எழுதுவான். பூலை வாட்டியது ஐரோப்பிய அதிகாரியின் மனநோய். தமிழரின் சாவு வாட்ட வேண்டியது தமிழ் எழுத்தாளரை. குற்றச்சாட்டு ஏந்தவேண்டிய திசை பாரிசு அன்று; கோலாலம்பூரும் ஜொகூர் பாருவும் சென்னையும் ஆகும்.

பூலுக்கு முன்பே இந்நாட்டுத் தோட்டத்தைப் பிரெஞ்சு இலக்கியத்தில் ஏற்றியவர் ஆன்ரி ஃபோக்கொனியே. 1905ஆம் ஆண்டில் மலாயா வந்து சிலாங்கூரில் ரப்பர் பயிரிட்டவர். செம்பனையை இம்மண்ணில் வாணிகப் பயிராக்கிய முன்னோடி. 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முதல் செம்பனைத் தோட்டத்தின் பெயர் தென்னமாரம்; தமிழ்க் காதுக்கு அது 'தென்னைமரம்' என்றே ஒலிக்கும். இன்று ஜொகூர் மண்ணை மூடி நிற்கும் செம்பனைக் காட்டின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குகிறது. அவருடைய 'மலேசி' என்னும் புதினம் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. மலாய் மண்ணின் மணத்தை அவர்போல் உள்வாங்கிய ஐரோப்பியர் சிலரே. அதில் தமிழர் வருகின்றனர். ஒரு தமிழ்ப்பெண்ணும் வருகிறாள். ஆயினும் கதைசொல்லி மலாயாவின் உயிரைத் தேடிச் செல்வது மலாய் இளைஞன் ஸ்மாயிலிடமும் மலாய்ப் பாந்துன்களிடமும்தான். தமிழன் தோட்டத்தை நடத்தும் உடல். உயிர் வேறிடத்தில் இருக்கிறது.

பாந்துனின் பயணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1829ஆம் ஆண்டிலேயே விக்தர் யூகோ தம் கவிதை நூலின் குறிப்புகளில் ஒரு பாந்துனின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதிலிருந்து பிரெஞ்சுக் கவிதையில் ஒரு புதிய யாப்பே பிறந்தது. போதலேர் வரை அதன் சாயல் சென்றது. நெல்வயலிலும் தோணித்துறையிலும் பாடிய எளிய மக்களின் நான்கு அடிகள் பாரிசில் கொண்டாடப்பட்டன. மலாய் அறிஞர் அதைப் போற்றுவது முற்றும் தகும். அதே மண்ணில் பால் வெட்டிய தமிழ்ப்பெண் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதிக்கொள்ள எந்த யூகோவும் வரவில்லை. வராதது யூகோவின் குற்றமா?

இங்கேதான் தமிழ் மேடைகளின் பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியுள்ளது. பிரெஞ்சு என்ற சொல் தமிழ் விழாக்களில் எழும் தருணம் ஒன்றே ஒன்று: பிரெஞ்சு அறிஞர் தமிழைப் புகழ்ந்தார் என்று சொல்லும் தருணம். புகழ்ச்சிக்குக் காரணம் உண்டு. காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வின்சோன் பாரிசில் தமிழ் கற்பித்தார். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டில் எழுந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ழான் ஃபிலியோசாவின் தலைமையில் தமிழாய்வின் பெருங்கூடமாயிற்று. பிரான்சுவா குரோ 1968ஆம் ஆண்டில் பரிபாடலைப் பிரெஞ்சில் தந்தார்; பின்னர்க் காமத்துப்பாலையும் தந்தார். இவை யாவும் உண்மை. இவ்வறிஞர்களின் உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் பொன்னாடை போர்த்தும் பேச்சில் இவற்றை ஒப்பிப்போருள் எத்தனை பேர் அந்நூல்களின் ஒரு பக்கத்தைப் புரட்டியிருப்பர்? அயலான் தந்த சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அவ்வயலான் கடைப்பிடித்த முறையை ஏறெடுத்தும் பாராதிருப்பது அறிவுடைமையாகாது. குரோ சங்க இலக்கியத்தோடு நிற்கவில்லை. தற்காலத் தமிழ்ச் சிறுகதைகளையும் பிரெஞ்சில் பெயர்த்து 2002ஆம் ஆண்டில் நூலாக்கினார். தமிழின் இன்றைய வாழ்வையும் ஆய்வுக்குரியதாக அவர் கருதினார் என்பதை மேடைகள் சொல்வதில்லை.

1964ஆம் ஆண்டில் தனிநாயக அடிகளாரும் ஃபிலியோசா முதலிய அறிஞரும் சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. மூன்றாம் மாநாடு 1970ஆம் ஆண்டில் பாரிசில். மலேசியத் தமிழர் இன்றும் பெருமையோடு நினைக்கும் நிகழ்ச்சி அது. ஆனால் கணக்கு ஒன்று உறுத்துகிறது. 1943க்கும் 1966க்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகளே. இருபது அகவையில் சயாம் சென்று உயிரோடு திரும்பியவனுக்கு மாநாட்டின்போது வயது நாற்பத்து மூன்று. மாநாட்டு மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான் அவன். நினைவு மங்கவில்லை; நா தடுமாறவில்லை. அவனிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்வது அம்மாநாடு பேணிய தமிழாராய்ச்சிக்குரிய பெருங்கடமை என்று அன்று கருதப்படவில்லை. கரிகாலன் காலத்துச் செய்தியைக் கல்வெட்டில் தேடியோர், கண்முன் அமர்ந்திருந்த சாட்சியைத் தேடவில்லை.

தமிழில் எவரும் எழுதவில்லை என்று கூறுவது அநீதியாகும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993ஆம் ஆண்டில் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005ஆம் ஆண்டில் வந்தது. முரசு நெடுமாறன் தம் தனி உழைப்பால் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை 1997ஆம் ஆண்டில் தொகுத்தளித்தார். இவை நிறுவனம் செய்த பணிகள் அல்ல. தனி மனிதரின் மன உறுதி செய்த பணிகள். அவற்றிலும் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பூலின் புதினம் பாதை முடிந்த ஒன்பதாம் ஆண்டில் வந்துவிட்டது. சண்முகத்தின் நாவல் வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகம் தன் மனத்தில் ஒரு படத்தை வரைந்து முடித்திருந்தது. வரலாற்றறிஞர் பால் கிரடோஸ்கா அப்பாதை பற்றிய ஆவணங்களை ஆறு தொகுதிகளாக 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆய்வாளர் உலகம் ஆசியத் தொழிலாளரைத் தேடத் தொடங்கியபோது தமிழரிடம் காட்டுவதற்கு இருந்தவை மிகச் சில.

சர்க்கரைத் தீவுகளின் நிலையை இத்துடன் ஒப்பிடலாம். 1853, 1854ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பிரெஞ்சுக் கப்பல்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழரை ஏற்றிச் சென்றன. அங்கே மொழி மடிந்தது. மாரியம்மனுக்குப் பாடும் பாட்டின் பொருள் பாடுவோர்க்கே விளங்காத நிலை வந்தது. ஆயினும் குவாதலூப்பின் எர்னஸ்ட் மூத்துசாமி 1987ஆம் ஆண்டில் தம் முன்னோர் வாழ்வைப் பிரெஞ்சிலேயே புதினமாக்கினார். மொழியை இழந்தவர்கள் ஆண்டவனின் மொழியிலேயே தம் கதையை எழுதிவிட்டனர். மொழியை இழக்காத மலேசியத் தமிழர் அதற்குக் காத்திருந்த காலத்தை எண்ணின் வெட்கமே மிஞ்சும்.

அண்மைச் சான்றும் உண்டு. 2015ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற 'தீபன்' ஜாக் ஓதியார் என்னும் பிரெஞ்சு இயக்குநரின் படம். பெரும்பகுதி உரையாடல் தமிழ். தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் ஈழத்துத் தமிழ் எழுத்தாளர் ஷோபாசக்தி. அகதியாய்ப் பாரிசு சென்று, தன் மக்களின் துயரைத் தமிழில் பல்லாண்டு எழுதி வந்தவர் அவர். அப்படத்தின் முடிவு ஈழத்தமிழர் பலருக்கே உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. எழுத்தை விடாத ஒருவன் நின்ற இடத்தில் பிரெஞ்சுக் காமிரா தமிழன் முகத்தைக் கண்டது, தமிழன் குரலையும் கேட்டது என்பதே இங்கே கொள்ளத்தக்கது.

'தோட்டத்துப் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் கற்றுப் பிழைக்கவே திணறுகிறான். அவனுக்குப் பிரெஞ்சு எதற்கு?' என்ற கேள்வி ஜொகூரில் எழும், எழுவது இயல்பு. எல்லாப் பிள்ளையும் பிரெஞ்சு கற்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு ஐந்து பேர் கற்றால் போதும். மலாயாத் தமிழரைப் பற்றி ஃபோக்கொனியே என்ன எழுதினார், பூல் எதை எழுதாமல் விட்டார் என்பதை மூலத்திலிருந்தே படித்துத் தமிழில் சொல்ல அவர்கள் வேண்டும். தோட்டத்தை நடத்திய பிரெஞ்சு நிறுவனங்களின் கடிதங்கள் பிரெஞ்சில் இருக்கும். அவற்றில் தமிழனின் கூலியும் சாவும் எண்ணிக்கையாகவாவது பதிந்திருக்கும். படிப்போர் இல்லாதபோது அக்கடிதங்கள் ஊமை.

எழுதுவோர்க்கு மூலச் சரக்கு வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. சயாம் சென்று திரும்பியோர் இன்று அநேகமாக எவரும் உயிரோடில்லை. ஆனால் காகிதம் இருக்கிறது. புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் இலக்கிய நயம் தேடி எவரும் சென்றதில்லை. கணக்குப்பிள்ளையின் நடையில் அன்றாடம் நடந்ததை அவர் எழுதி வைத்தார். துய்ப்ளேயின் வரலாற்றை எழுத முனைந்த பிரெஞ்சு அறிஞரே பிற்காலத்தில் அத்தமிழ்க் குறிப்பின் வாயிலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகளாகத் தோன்றியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தவையும் பல. ஒவ்வோர் இடமாற்றத்திலும் முதலில் எரிக்கப்படுவதும் கரையானுக்கு விடப்படுவதும் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளே. புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் பணம் கிடைக்கிறது. பதிவேட்டை வைக்க ஓர் இரும்பு அலமாரிக்குக் கிடைப்பதில்லை. அப்பதிவேட்டின் 1946, 1947ஆம் ஆண்டுப் பக்கங்களில், தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில் தாய்மாமன் பெயரோ பாட்டியின் பெயரோ இருக்குமானால் அப்பிள்ளையின் தந்தை எங்கே போனார் என்று கேட்க வேண்டும். அத்தோட்டத்துக் கோயில் கணக்கையும் பழைய சம்பளப் புத்தகத்தையும் அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சயாமில் புதைந்த ஒருவனின் பெயர் கிடைக்கலாம். ஒரு தோட்டத்தில் ஐந்து பெயர், பத்துப் பெயர் கிடைக்கலாம். எழுத்தாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டியின் பரிசுத் தொகையில் ஒரு பங்கு இதற்குப் போதும். அடுத்த நீண்ட விடுமுறையில் அப்பக்கங்களைப் படியெடுக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால் வேலை தொடங்கிவிடும்.